கிண்டியில் சேரப் போகும் தம்பி தங்கைகள் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த வாரத்திலிருந்து என் கைபேசிக்கு ஓய்வு கிடையாது. விருதுநகர் மாவட்டத்தில் நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர்கள், "அண்ணா பல்கலைக்கழகம் என்றால் அந்த அக்காவிடம் கேள்" என்று என் எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். தமிழ் வழியில் படித்து, கிண்டி வளாகத்தில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (புவித் தகவலியல்) முடித்து, இப்போது சென்னையிலேயே நில அளவை சார்ந்த வேலையில் இருக்கிறேன். ஆண்டுதோறும் அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்கும் குரலில் உள்ள பதற்றமும் அதேதான். என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவிக்குக் குறைவில்லை. கட்டணச் சலுகை, உதவித்தொகை, விடுதி, மருத்துவ மையம், வழிகாட்டும் ஆசிரியர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேசையில் இருக்கிறது. பள்ளியில் வகுப்பாசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "விண்ணப்பம் போட்டாயா?" என்று கேட்டிருப்பார். இங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள். எந்தக் காரியத்துக்கு எந்த மேசை, எப்போது போக வேண்டும் என்று தெரிந்தவர் நிம்மதியாகப் படிக்கிறார். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த மேசைகளைப் பற்றித்தான்.

எந்த அண்ணா பல்கலைக்கழகம்?

கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. "அக்கா, எனக்கு அண்ணா யுனிவர்சிட்டி கிடைத்துவிட்டது" என்பார்கள். கல்லூரி எது என்று கேட்டால் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு தனியார் கல்லூரியின் பெயரைச் சொல்வார்கள். அதுவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிதான், பட்டமும் அண்ணா பல்கலைக்கழகப் பட்டம்தான். ஆனால் கட்டணம், ஆசிரியர்கள், ஆய்வகம், வேலைவாய்ப்பு எல்லாம் வேறு.

அடுக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரிகள் நான்கு. கிண்டி பொறியியல் கல்லூரி, அதே வளாகத்தில் இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, குரோம்பேட்டையில் இருக்கும் எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி). அடுத்தது கோவை, மதுரை, திருநெல்வேலியில் உள்ள மண்டல வளாகங்கள். அதற்கடுத்து விழுப்புரம், ஆரணி, பண்ருட்டி, பட்டுக்கோட்டை, திருக்குவளை, ராமநாதபுரம், நாகர்கோவில் போன்ற ஊர்களில் பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள். இவற்றுக்குப் பிறகுதான் இணைப்புக் கல்லூரிகள் வருகின்றன, அவை நூற்றுக்கணக்கில் உள்ளன.

பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. கிண்டிக்கு 1, அழகப்பாவுக்கு 2, எம்ஐடிக்கு 4. பெயரைப் பார்த்து மயங்காமல் எண்ணைப் பாருங்கள். பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு என்று பொருள். அதே கட்டடம், அதே பட்டம், ஆனால் கட்டணம் கூடுதல். வீட்டில் பணம் ஒரு கவலை என்றால், விருப்பப் பட்டியல் போடும்போதே இந்த இரண்டு எழுத்துகளைக் கவனித்துவிடுங்கள்.

நான்கு கல்லூரிகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு, தனித்தனிப் பாடங்களும் உண்டு. கிண்டிக் கல்லூரி 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நில அளவையைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தது 1978-இல்தான், கல்லூரி அதைவிடப் பல தலைமுறை மூத்தது. சிவில், மெக்கானிக்கல், கணினி தவிர, பிரிண்டிங், சுரங்கம், பயோமெடிக்கல், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் போன்றவையும் கிண்டியில் உண்டு. அழகப்பாவில் கெமிக்கல், டெக்ஸ்டைல், செராமிக், உணவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம். தோல் ஆராய்ச்சிக்கான மத்திய நிறுவனமே சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், ரப்பர்–பிளாஸ்டிக் வேண்டுமென்றால் எம்ஐடி. அப்துல் கலாம் ஏரோநாட்டிக்கல் படித்தது அங்கேதான். கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க் சேர நாட்டா போன்ற தனித் தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

என் கட்–ஆஃபுக்குக் கிடைக்குமா?

கலந்தாய்வுக்கான மதிப்பெண்ணைத்தான் கட்–ஆஃப் என்கிறோம், கணக்கு எளிது. கணிதம் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44, ஆக 200-க்கு 178. இருவருக்கு ஒரே கட்–ஆஃப் வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும் பிறகு இயற்பியலையும் பார்ப்பார்கள். எல்லாம் சமமாக இருந்தால் கடைசியில் கணினி தரும் சமவாய்ப்பு எண். அந்த எண் வெளியான அன்று அழுதுகொண்டே அழைக்கும் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் வேலைக்கே வராது, வருந்த வேண்டாம்.

கிடைக்குமா கிடைக்காதா என்று யாரிடமும் ஜோசியம் கேட்க வேண்டாம். கடந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்–ஆஃபில் முடிந்தது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே சமூக வாரியாக இருக்கிறது. உங்கள் பிரிவுக்கான வரிசையையும் பாருங்கள், பொதுப் பிரிவுக்கான வரிசையையும் பாருங்கள். பொதுப் பிரிவைக் குறிக்கும் ஓ.சி. என்பதை ஒரு சாதியின் பெயர் என்றே நம்பும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். மீதி 31 சதவீதம் எல்லாருக்கும் பொது. பட்டியல் சமூகத்து மாணவி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் அந்த 31-க்குள்ளேயே இடம் பெறுவாள், ஒதுக்கீட்டு இடம் இன்னொருவருக்குப் போகும்.

விருப்பப் பட்டியலில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஐந்தாறோடு நிறுத்திவிடாதீர்கள். "இது எனக்குக் கிடைக்காது" என்று நீங்களே முடிவு செய்து ஒன்றையும் விட்டுவிடவும் கூடாது. எது கிடைக்கும் என்ற வரிசையில் போடாமல், எது உங்களுக்கு அதிகம் பிடிக்கும் என்ற வரிசையில் போடுங்கள். கணினி மேலிருந்து கீழாக வந்து, உங்கள் தரவரிசைக்கு எட்டும் முதல் இடத்தைத்தான் தரும். பிடித்ததைக் கீழே போட்டு, கிடைப்பதை மேலே போட்டால் கிடைப்பதுதான் கிடைக்கும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்வதற்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு. அந்த நாட்களில் கல்யாணம், கோயில் என்று வெளியூர் போய்விடாதீர்கள். இடத்தை ஏற்றுக்கொண்டு சேரலாம். ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளது காலியானால் அதற்கு நகரக் காத்திருக்கலாம். மறுத்துவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம். வேறு எங்கும் இடம் கையில் இல்லாதவர்கள் மூன்றாவதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்றுக்கொண்டு காத்திருப்பதில் இருப்பது கைவிட்டுப் போகாது.

வீட்டில் கணினி இல்லை, இணையம் சரியில்லை என்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் கலந்தாய்வுக்கான உதவி மையங்கள் இருக்கின்றன. விண்ணப்பத்திலிருந்து விருப்பப் பட்டியல் வரை அங்கே உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்கக் கூடாது. பட்டியலை நிரப்பித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டிடம் கொடுக்கவே கூடாது. வரிசை மாறியிருப்பது உங்களுக்கு ஒதுக்கீடு வந்த பிறகுதான் தெரியும்.

சான்றிதழ்களை எப்போது வாங்குவது?

இன்றே. மதிப்பெண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக மேலே போய் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். ஜூன் மாதத்தில் மாவட்டமே அந்த வரிசையில் நிற்கும். மார்ச், ஏப்ரலில் போட்டவர்கள் கையில் சான்றிதழோடு நிம்மதியாக இருப்பார்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் அதிகம் தவற விடுகிறார்கள். குடும்பத்தில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர் என்று யாரும் பட்டதாரியாக இல்லாதபோது முதலாவதாகப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கிடைப்பது இது. கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் ஏற்கெனவே அதைப் பயன்படுத்திப் படிக்கிறான் என்றால் தங்கைக்குக் கிடையாது. இந்தச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே, விடுதிக்கும் உணவுக்கும் பொருந்தாது. அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாமே இலவசம் என்று நம்பி வந்து, விடுதிக் கட்டணத்தின் முன்னால் திகைத்து நின்ற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் வருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. இதற்கு ஏழு ஆண்டும் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்ற படிப்புச் சான்று தலைமை ஆசிரியரிடமிருந்து வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டும். அந்தப் பள்ளி அடுத்த மாவட்டத்தில் இருந்தால் இப்போதே ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள்.

அருந்ததியர் சமூகத்துப் பிள்ளைகள் சான்றிதழில் அந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பட்டியல் சாதி என்று பொதுவாக மட்டும் இருந்தால் உள்ஒதுக்கீட்டுக்கு அது உதவாது.

சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் காட்ட வேண்டும். அதற்கு முன் ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி எடுத்து, தெளிவாக ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை, வங்கிக் கடன், விடுதி என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் எப்படி வரும்?

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். முதலாவது 2022 செப்டம்பரிலும் இரண்டாவது 2024 ஆகஸ்டிலும் தொடங்கியவை. இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பிப்பது கல்லூரி வழியாகத்தான். ஆதார், பள்ளியில் உங்களுக்குக் கொடுத்த எமிஸ் பதிவு எண், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். அந்தக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். "எல்லாருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு இந்த இணைப்புதான் விடுபட்டிருக்கிறது. வங்கிக்குப் போய் ஒரு படிவம் கொடுத்தால் சரியாகிவிடும்.

இது தவிர, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சமூகத்தினருக்கான கல்வி உதவித்தொகைகள் உள்ளன. வருமானச் சான்று கேட்பார்கள். கடைசி நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், துறை வாட்ஸ்அப் குழுவிலும் வரலாம். பலகையை வாரம் ஒரு முறையாவது போய் வாசியுங்கள். குழுவில் வராத செய்திகள் பலகையில் வந்துவிடும்.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் வங்கி போனஃபைடு சான்றிதழும் (இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தருவது) கட்டண விவரமும் கேட்கும். இரண்டையும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். கொடுத்த அன்றே கிடைக்காது. விண்ணப்பத்தைக் கொடுத்த தேதியைக் குறித்து வைத்து, எப்போது வரலாம் என்று அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் சமாளிக்க முடியுமா?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு நெருக்கமான கேள்வி இதுதான். கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன்.

சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியிலேயே படிக்கும் வசதி 2010 முதல் இருக்கிறது, கிண்டியிலும் உண்டு. அதில் சேர்பவர்களை நான் மதிக்கிறேன். மற்ற பிரிவுகளில் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். முதல் சில வாரங்கள் காது வலிக்கும். ஆனால் உங்களைத் தடுக்கும் இடம் எது என்று சரியாகப் பாருங்கள். பாடம் உங்களுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. அணிக்கோவையின் மதிப்பை நீங்கள் கண்ணிமைப்பதற்குள் கண்டுபிடிப்பீர்கள். ஆசிரியர் டிடர்மினன்ட் என்றதும் புதுப்பாடம் என்று நினைத்து மிரண்டு போவீர்கள்.

அதனால் சேருவதற்கு முன் இருக்கும் விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்து நடுவில் கோடு போடுங்கள். பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் புத்தகங்களின் ஆங்கில வழிப் பிரதியை அரசு இணையதளத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ்ப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடத் தலைப்பு, வரையறை, படத்தின் கீழுள்ள குறிப்பு இவற்றை மட்டும் ஒப்பிட்டு வாருங்கள். இடப்பக்கம் வகைக்கெழு, வலப்பக்கம் டெரிவேட்டிவ். தொகையிடல், இன்டகிரேஷன். திசைவேகம், வெலாசிட்டி. முடுக்கம், ஆக்சிலரேஷன். நிலைமம், இனர்ஷியா. மின்தடை, ரெசிஸ்டன்ஸ். வலப்பக்கச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள், எழுத்துக்கூட்டலும் பழகிவிடும். பாடம் முழுவதையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் போதும். வகுப்பில் அந்தச் சொல் காதில் விழும்போது பழைய பாடம் தானாக எழுந்து வரும்.

தேர்வில் வாக்கியம் அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சிறு வாக்கியங்கள், படம், சூத்திரம், அலகு, இவை சரியாக இருந்தால் மதிப்பெண் வரும். சந்தேகம் கேட்க ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் தமிழர்கள். வகுப்பில் கூச்சமாக இருந்தால் வகுப்பு முடிந்து அறைக்குப் போய்க் கேளுங்கள். கேட்காமல் போவதற்குத்தான் விலை அதிகம். முதல் ஆண்டிலேயே தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று இரண்டு பாடங்கள் 2022 முதல் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றில் உங்கள் குரல்தான் வகுப்பில் உரக்க ஒலிக்க வேண்டும்.

முதல் ஆண்டில் எது கடினம்?

கணிதம் என்று எல்லாரும் சொல்வார்கள். கிராமத்துப் பள்ளியிலிருந்து வருபவர்களை அதைவிட அதிகமாகத் திணறடிப்பது இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். அதுவரை யாரும் அப்படி வரையக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். மினி டிராஃப்டரைப் பலகையில் பொருத்தி, பென்சிலைக் கூர்மையாகச் சீவி, ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று வரைய வேண்டும். மனத்தில் உருவம் தோன்றாதவர்கள் கோடுகளை மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். அங்கேதான் சறுக்கல்.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு நோட்டை விரித்து, ஒரு பக்கம் மேசையில் படுக்கவும் மறு பக்கம் சுவர் போல நேராக நிற்கவும் பிடியுங்கள். இரண்டும் சந்திக்கும் மடிப்புதான் படத்தில் நீங்கள் போடும் எக்ஸ்–ஒய் கோடு. படுத்த பக்கத்துக்கு மேலே, நிற்கும் பக்கத்துக்கு முன்னால் ஒரு பென்சிலைச் சாய்வாகப் பிடியுங்கள். நேர் எதிரே இருந்து பார்க்கும்போது நிற்கும் பக்கத்தில் விழும் கோடு முகப்புத் தோற்றம். மேலிருந்து பார்க்கும்போது படுத்த பக்கத்தில் விழுவது மேல் தோற்றம். இப்போது நிற்கும் பக்கத்தை மெல்லப் பின்னால் சாய்த்து நோட்டைத் தட்டையாக்குங்கள். முகப்புத் தோற்றம் கோட்டுக்கு மேலே, மேல் தோற்றம் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். ஏன் அப்படி வரைகிறோம் என்பது அந்த நோட்டிலேயே இருக்கிறது. என் அறைத் தோழிகள் பலருக்கு இதை இரவில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து காட்டியிருக்கிறேன், அடுத்த நாள் அவர்களே வரைந்துவிடுவார்கள்.

வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும். பாட வாரியாகக் கணக்கிடுவார்கள். ஊருக்குப் போக வெள்ளிக்கிழமை மதிய வகுப்பை விடுவது வழக்கமாகிவிட்டால் அந்த ஒரு பாடத்தில் மட்டும் குறைந்துவிடும். உடல்நலம் சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் மருத்துவச் சான்றைத் திரும்பி வந்த அன்றே கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் முடிவில் கொண்டுபோனால் ஏற்பது கடினம்.

மதிப்பெண்ணுக்குப் பதில் கிரேடு, கிரேடுக்கு ஒரு புள்ளி, பாடத்துக்கு ஒரு கிரெடிட். நான்கு கிரெடிட் பாடத்தில் 9 புள்ளி, மூன்று கிரெடிட் பாடத்தில் 7 புள்ளி என்றால் 36-ம் 21-ம் சேர்ந்து 57, அதை 7-ஆல் வகுத்தால் 8.14. கிரெடிட் அதிகமுள்ள பாடத்துக்கு நேரம் அதிகம் ஒதுக்குங்கள் என்பதற்குத்தான் இந்தக் கணக்கைச் சொன்னேன். ஒரு அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது, ஆனால் அடுத்த வாய்ப்பிலேயே அதை முடித்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு வேலைக்கு ஆள் எடுக்க வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இல்லாதவர்களைத்தான் தேர்வுக்கே அனுமதிக்கின்றன.

யாரிடம் போவது?

ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் ஆலோசகராக ஒதுக்கப்படுவார். அவர் பெயரை முதல் வாரமே தெரிந்துகொண்டு, ஒரு வேலையும் இல்லாதபோதே போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கட்டணம் கட்டத் தாமதமாகும் என்ற நாள் வரும்போது அறிமுகமான முகம் ஒன்று வேண்டும்.

பாடம் நடத்தும் விதத்தில் குறை இருந்தால் வகுப்புக் குழுக் கூட்டம் இருக்கிறது. மாணவர் பிரதிநிதிகள் உட்காரும் கூட்டம் அது. தலைமை வகிப்பவர் உங்கள் வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியராக இருப்பார். ஆகவே பயமில்லாமல் பேசலாம். பிரதிநிதியாக இருக்க ஆள் தேடினால் கை தூக்குங்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே இருப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

தேர்வு முடிவில் சந்தேகம் என்றால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கி, ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, அதன் பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். வேலைவாய்ப்பு, இன்டர்ன்ஷிப் எல்லாம் பல்கலைக்கழக–தொழில் கூட்டுறவு மையத்தின் பொறுப்பு. முதல் ஆண்டில் அங்கே உங்களுக்கு வேலை இல்லை, இடம் தெரிந்தால் போதும்.

விடுதியும் ராகிங்கும்

உணவுச் செலவை மாதாமாதம் கணக்கிட்டு மாணவர்களிடையே பகிர்ந்து பில் வரும். தொகை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். பூட்டு, வாளி, போர்வை, கொசுவலை, நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இவற்றை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம், சைதாப்பேட்டையில் கிடைக்கும். மாத்திரைகளையும் பழைய மருந்துச் சீட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். வளாகத்துக்குள் மருத்துவ மையம் இருக்கிறது.

ராகிங் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டத்தின்படி குற்றம். சேரும்போது நீங்களும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பீர்கள். பேரைக் கேட்பது, ஊரைக் கேட்பது, ஒரு பாட்டுப் பாடச் சொல்வது எல்லாம் பழகுவதுதானே என்று யாராவது சொல்லலாம். நீங்கள் மனம் ஒப்பாமல் செய்யும் எதுவும் பழகுவது ஆகாது. சாதியைக் கேட்டாலும் ரேங்க்கைக் கேட்டு ஒதுக்கீட்டைக் கேலி செய்தாலும் பொறுத்துப் போக வேண்டியதில்லை. காப்பாளரிடம் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் தேசிய உதவி எண் 1800-180-5522 இருக்கிறது, இரவிலும் அழைக்கலாம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பிள்ளை இதற்காகப் பையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பக் கூடாது.

பிடித்த பிரிவு கிடைக்காவிட்டால்?

"அக்கா, கணினி கிடைக்கவில்லை, ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்தான் வந்திருக்கிறது, அது என்ன என்றே தெரியவில்லை" என்று கேட்பவர்களிடம் நான் அதிக நேரம் பேசுவேன். செயற்கைக்கோள் படத்திலிருந்து ஏரியின் பரப்பை அளப்பது, ஒரு தெருவின் மழைநீர் எங்கே தேங்கும் என்று வரைபடத்தில் கண்டுபிடிப்பது, நிலத்தின் எல்லையைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் குறிப்பது, இவையெல்லாம் இந்தப் படிப்பு. அதற்குள்ளேயே நிரல் எழுதுவதும் உண்டு. பெயர் பழக்கமில்லாத ஒவ்வொரு பிரிவுக்கும் இப்படி ஓர் உள்ளடக்கம் இருக்கிறது. அந்தத் துறையின் பாடத்திட்டத்தை இணையதளத்தில் திறந்து மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களின் பெயர்களை வாசியுங்கள். முதல் ஆண்டுப் பாடங்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் பொது, அதை வைத்து ஒன்றும் தெரியாது. வாசித்த பிறகும் ஒன்றும் ஈர்க்கவில்லை என்றால் கல்லூரியின் பேருக்காக அதை எடுக்காதீர்கள். மதுரையிலோ திருநெல்வேலியிலோ மனத்துக்குப் பிடித்த பிரிவில் படித்து நன்றாக இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

சேரும் நாளன்று எப்படி வருவது?

தெற்கிலிருந்து வரும் ரயில்கள் எழும்பூருக்கு முன் தாம்பரத்தில் நிற்கும். எம்ஐடிக்குப் போகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தமான குரோம்பேட்டையில் இறங்கினால் கல்லூரி நடக்கும் தூரம்தான். கிண்டி வளாகத்துக்குத் தாம்பரத்திலிருந்து அதே மின்சார ரயிலில் கிண்டி வரை வந்து, அங்கிருந்து அடையாறு பக்கம் போகும் பஸ் பிடியுங்கள். சர்தார் படேல் சாலையில் இறங்கினால் நுழைவாயில் தெரியும். பெட்டியோடு வரும் அப்பா அம்மாவை எழும்பூர் வரை அலைய வைக்க வேண்டாம்.

வந்த முதல் ஞாயிறன்று கோட்டூர்புரம் பக்கம் நடந்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே இடமுண்டு. விடுதியில் சத்தம் அதிகமான தேர்வுக் காலத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் இருப்போம். அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், உணவு உள்ளேயே கிடைக்கும்.